சித்திக் கொடுமை

தம்பி தெய்வசிகாமணி மறுகல்யாணம் செய்துகொண்டதிலிருந்து சாமியம்மாளுக்கு அடிவயிற்றில் நெருப்பு. தாயில்லாப் பிள்ளை இசைப்பிரியாவை அந்தச் சித்திக்காரி என்ன பாடு படுத்துகிறாளோ? குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறி, நெய்வேலி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம். புதுப்பெண்டாட்டி ராஜாம்பாளோ டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி! புள்ளைய வேலை வாங்கிட்டு நீ டிவி பாத்துகினு இருக்கியா?"

"அத்தை, வாங்க!" உள்ளறையிலிருந்து புத்தகமும் கையுமாக வந்தாள் இசைப்பிரியா.

அப்படியானால் பின்னால் யார்? சாமியம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஷிப்ட் முடிந்து வந்த தம்பி, முழங்கை வரை சோப்பு நுரையோடு குந்தியிருந்தான்.

"ஐயோ, ஆம்பளைய இப்படி ஆக்கி வச்சிருக்காளே!"

"சமையல் நானு, பாத்திரம் அவருங்க" என்றாள் ராஜாம்பாள்.

இசைப்பிரியா நிதானமாகக் கேட்டாள்: "அம்மா போனதுலேர்ந்து ரெண்டையும் நான்தானே செஞ்சேன். அப்பல்லாம் ஏன் அத்தை நீங்க பஸ் ஏறல?"