நீச்சல் பட்டம்

கோழிகூட இறக்கை இடுக்கில் போன் வைத்திருந்த காலம் அது. செங்கமலம் என்ற கோழி அடைகாத்ததெல்லாம் வாத்து முட்டை. குஞ்சுகள் பொரிந்த கையோடு குளத்தில் குதித்துவிட்டன. தாய் கரையில் கிடந்து தவித்தாள். நீச்சல் கற்றே தீருவதென்று போனைத் தட்டினால், நரியாரின் பல்கலைக்கழகம் வந்து நின்றது. இறகு நனையாமல் ஆன்லைனிலேயே நீச்சல் பட்டமாம்!

"அங்கீகாரம் இருக்குதுங்களா?"

"இல்லாமலா? வன அங்கீகாரக் குழுவுக்கே போன் போட்டுக் கேளேன், தாயி," என்றார் துணைவேந்தர் நரியார்.

கேட்டாள். "கண்ணை மூடிக்கிட்டுச் சேரலாம்," என்றது குழு. நரியாரின் அதே கரகரத்த குரல், நடுவில் அதே இருமல்.

செங்கமலம் காட்டிக்கொள்ளாமல் மறுபடி நரியாரைக் கூப்பிட்டாள். "பட்டமும் ஆன்லைன்லதானே வரும்?"

"அதெப்படி? பட்டமளிப்பு விழா மட்டும் நேரில்தான், என் குகையில. பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வா. விருந்து உண்டு."

"அதுங்க நடுக்குளத்தை விட்டு வரமாட்டேங்குதுங்க. நீச்சலுக்கே துணைவேந்தர் நீங்க. ஒரு எட்டு நீந்தி வந்து கொடுத்துட்டுப் போங்களேன்!"

மறுநாள் நரியார் அங்கி மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். செங்கமலம் உயரக் கிளையில் உட்கார்ந்து பார்க்க, ஒற்றை விரலைத் தண்ணீரில் நனைத்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பட்டத்தைத் தபால்ல அனுப்பிடறேன், தாயி."