ஆறு பேர் தூக்கும் ஜூக்பாக்ஸ்

"உனக்குப் பாட்டுன்னா அவ்வளவு உசிரா?" என்று, பாட்டுப்பெட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று அவள் சொன்ன அன்று கணவன் கேட்டபோது, "ஆமாங்க" என்று மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள்.

பழைய சாமான் கடைக்காரர் சின்ன ஜூக்பாக்ஸ் பாட்டுப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "வீட்டுக்கு இதுதாம்மா தோது. பாட்டு தேனா இருக்கும். ரெண்டு பேர் தூக்கிடலாம்."

"அந்தப் பெரிசு?"

"அது யானைம்மா! ஆறு பேர் வேணும். பாட்டும் கரகரக்கும்."

"அதையே கொடுங்க."

"பைத்தியமா உனக்கு?" கணவன் சீறினான். "அடுத்து வீடு மாத்தறப்ப இதை எவன் தூக்குவான்?"

"தூக்க முடியாதுங்க. அதுக்குத்தான் வாங்கறேன். உங்களுக்கு வீடு சலிக்கிறப்பல்லாம் மூட்டை கட்டினது போதும். நம்ம பொண்ணுக்கு இப்பதான் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா."

கணவன் பெட்டியை அசைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டி பிடிக்க வெளியே போனான்.