அந்த பஸ்ஸுக்கு எத்தனை கியர்

பதினோராவது படமும் சரியில்லை என்றாள் ரெபேக்கா.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்று எடுத்தாயிற்று. பக்கவாட்டில் எடுத்தாயிற்று. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் எடுத்தாயிற்று. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பதும் அழிப்பதுமாக இருந்தாள்.

நித்யஸ்ரீக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. நாளைக் காலை பரீட்சை. கடைசி இரண்டு யூனிட்டை அவள் இன்னும் தொடவே இல்லை. பஸ்ஸில் படிக்கலாம் என்று கொண்டுவந்த நோட்டு பையை விட்டு வெளியே வரவில்லை.

இந்த ஒரு வாரம் எங்கேயும் வேண்டாம் என்று பீளமேட்டு ஹாஸ்டலிலேயே சொல்லிப் பார்த்தாள். ரெபேக்கா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சை பயம் ஆளை என்னவோ செய்கிறது என்று நினைத்து, தனியாக அனுப்ப மனமில்லாமல் நித்யஸ்ரீயும் கிளம்பிவிட்டாள்.

ரெபேக்கா தான்சானியாவிலிருந்து மெக்கானிக்கல் படிக்க வந்தவள். மூன்று வருடமாக ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமையானால் அவளுக்கு ஹாஸ்டலில் கால் தரிக்காது. பழனி, வால்பாறை, கொடுமுடி என்று இருவரும் சுற்றாத ஊர் இல்லை. கொடுமுடியில் காவிரி கரை தொட்டு ஓடியபோதுகூட அவள் கரூர் பஸ்ஸைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவள் அப்பாவுக்காக. அவர் அங்கே ஒரு மலையூரில் பஸ் டிரைவர்.

ஞாயிறு மதியம் மகள் அனுப்பும் படத்துக்காகக் காத்திருப்பார். பார்த்ததும் குரல் பதிவாகக் கேள்விகளை அனுப்புவார். டயர் என்ன சைஸ்? ஏற்றத்தில் இன்ஜின் சூடாகுமா? அந்த மொழி நித்யஸ்ரீக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தக் கரகரப்பான குரலையும் நடுநடுவே வரும் சிரிப்பையும் கேட்க அவளுக்குப் பிடிக்கும். பல தடவை அவளே டிரைவர்களிடம் விசாரித்துப் பதில் சொல்லியிருக்கிறாள்.

டீ குடித்துவிட்டு வந்தார் கோத்தகிரி வண்டியின் டிரைவர். சட்டையில் தனபால் என்ற பெயர்ப் பட்டை.

"ஏனுங்க அம்மணி, எல்லாரும் ஊட்டி ரயிலைத்தான் படம் புடிப்பாங்க. நீங்க என்னமோ பஸ்ஸைப் போயி எடுத்துட்டு இருக்கீங்க?"

"எங்க அப்பாவும் டிரைவருங்க" என்றாள் ரெபேக்கா. ஹாஸ்டல் மெஸ் அக்காவிடம் தமிழ் கற்றவள் அவள். நாயை விரட்டினாலும் 'தள்ளுங்க' என்றுதான் விரட்டுவாள்.

தனபாலின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னத்துக்குங்க கீழ நின்னுட்டு? ஏறி நம்ம சீட்டுல உக்காருங்க. கிளம்பறதுக்கு இன்னும் நேரமிருக்குது."

ரெபேக்கா ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். வைத்தவள் அப்படியே இருந்தாள்.

கீழேயிருந்து நித்யஸ்ரீ சிரிக்கச் சொன்னாள். உடனே பல் முழுவதும் தெரிய ஒரு சிரிப்பு வந்தது. அந்தப் படம்தான் அப்பாவின் எண்ணுக்குப் போனது.

அதற்குப் பிறகும் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வெள்ளரிப் பிஞ்சு வாங்கினாள், கடிக்காமலேயே நித்யஸ்ரீயின் கையில் திணித்தாள். கடைவரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மறுபடி மூடினாள். நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தாள்.

கடைசியில் பதில் வந்தது. வாசித்து, தமிழில் சொன்னாள்.

"அப்பாவுக்குப் படம் ரொம்பப் புடிச்சிருக்காம். இந்த பஸ்ஸுக்கு எத்தனை கியர்னு கேக்கறாங்க."

நித்யஸ்ரீ எட்டிப் பார்த்தாள். திரையில் எழுத்துகள் மட்டுமே இருந்தன.

"என்னடி இன்னிக்கு டைப் அடிச்சிருக்காரு? பேசித்தானே அனுப்புவாரு?"

ரெபேக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது அம்மாங்க, நித்யா. அப்பாவை வியாழக்கிழமை அடக்கம் பண்ணிட்டாங்க."

தமிழ் அதற்குமேல் வரவில்லை. மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். பரீட்சை முடியும்வரை மகளிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வெள்ளிக்கிழமை ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டாள். இந்த ஞாயிறு படம் போகாவிட்டால் விஷயம் மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

"அம்மாவுக்கு கியர்னா என்னன்னே தெரியாதுங்க" என்றாள் கடைசியில், மறுபடியும் தமிழில்.

கோத்தகிரி வண்டி ஹாரன் அடித்துவிட்டு நகர ஆரம்பித்தது.

நித்யஸ்ரீ ஓடினாள். டிரைவர் பக்கத்துக் கதவைப் பலமாகத் தட்டினாள்.

"ஏனுங்ணா! இதுல கியர் எத்தனைங்ணா?"

தனபால் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

"அஞ்சுங்க. ரிவர்ஸ் தனி. அப்பா கேக்கறாருங்களா?"

"ஆமாங்ணா" என்றாள் நித்யஸ்ரீ. "கேக்கறாருங்ணா."