துண்டு போட்ட சீட்டு

ஜன்னல் வழியே பறந்து வந்த பச்சைத் துண்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் விழுந்தது. அடுத்த நொடி சீனுவாசன் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்.

"காந்திமதி, எடம் புடிச்சாச்சு. ஜல்தி வா!"

விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து திண்டிவனம் பக்கத்துத் தீம் பார்க்குக்குப் போகும் பஸ் அது. பத்து மணிக்குக் கேட் திறந்ததும் ராட்சத ராட்டினத்தில் முதல் ஆளாய் ஏற்றிக் காட்டுவதாக மனைவியிடம் சவால் விட்டிருந்தார்.

டிரைவர் ஆரோக்கியராஜ் திரும்பினார். "சார், அது மடக்குற சீட்டு. வீல்சேர் நிக்கிற எடம். பின்னாடி போயிடுங்க."

"துண்டு போட்டாச்சுங்க. நம்ம ஊர்ல அதுக்கு மேல பத்திரப் பதிவா பண்ணுவாங்க?"

பஸ்ஸே சிரித்தது. கீழே வீல்சேரில் காத்திருந்த லூர்துமேரியும் சிரித்தாள். "பத்துக்குள்ள நானும் அங்க இருக்கணும் சார்."

"அடுத்த வண்டியில வாம்மா. உன்னை ஏத்திக் கட்டுறதுக்குள்ள அங்க கியூ நின்னுடும். ஆமா, நீ அங்க வந்து எதுல ஏறப் போற?"

லூர்துமேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காந்திமதி கணவரின் தொடையைக் கிள்ளினாள். "வாய மூடிக்கினு எழுந்திரு."

"நீங்க வண்டிய எடுங்க டிரைவர்!"

ஆரோக்கியராஜ் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அவங்கள வுட்டுட்டுப் போனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல சார்."

வேறு வழியில்லை. சீனுவாசன் எழுந்தார், துண்டும் எழுந்தது. சாய்தளப் பலகை இறங்கியது. வீல்சேரை ஏற்றி நான்கு கொக்கிகளையும் மாட்டினார் ஆரோக்கியராஜ்.

லூர்துமேரி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "மூணாவது லூசா இருக்குண்ணே."

"பெரிய இன்ஜினியரு!" பின் சீட்டிலிருந்து சீனுவாசனின் முணுமுணுப்பு வந்தது.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போதே பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட் திறந்ததும் சீனுவாசன் ஓடிய ஓட்டத்தில் வாட்ச்மேன் ஒதுங்கி நின்றார். ராட்டினத்தின் முதல் பெட்டிக்குள் பச்சைத் துண்டு பறந்து விழுந்தது.

"பாத்தியா? நாமதான் ஃபர்ஸ்ட்டு!"

காந்திமதி மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள். பாதுகாப்புக் கம்பி பூட்டிக்கொண்டது. பெட்டி மெல்ல மேலேறி, உச்சிக்குப் போய், நின்றது.

காற்றில் துண்டு படபடத்தது. கீழே தென்னை மரங்கள் துடைப்பக்குச்சி உயரத்தில் தெரிந்தன. சீனுவாசன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என்னாடி நின்னுப் போச்சு? பேஜாரா இருக்கே..."

ஒலிபெருக்கி கரகரத்தது. "பச்சைத் துண்டு சார், துண்ட மடிச்சுப் பையில வைங்க. சக்கரத்துல சிக்கிக்கும்."

கேட்ட குரலாக இருந்தது. எட்டிப் பார்த்தார். கீழே கண்ணாடி அறைக்குள், சுவிட்சுகளுக்கு எதிரே, ஒரு வீல்சேர்.

"பஸ்ல கேட்டீங்களே சார்... நான் எதுலயும் ஏற மாட்டேன். ஏறுனவங்கள எறக்கி வுடறதுதான் என் வேலை!"