பள்ளத் தெரு ராஜா கல்

“ராஜா கல்லு இல்லாம மேப்பா? அப்பிடி ஒரு மேப்பே வேணாம் டீச்சர்!”

விழாக் கமிட்டித் தலைவர் ஜெயவேலு மேஜையைத் தட்டிய வேகத்தில் அமலராணியின் டீ கிளாஸ் துள்ளி விழப் பார்த்தது.

அமலராணி கன்னிமேட்டு ஹைஸ்கூலில் சரித்திர டீச்சர். தாம்பரத்துக்குத் தெற்கே பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பழைய இடங்களை எல்லாம் கோத்து, மக்கள் நடந்து பார்க்க ஒரு பாரம்பரியப் பாதை போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஏரி மதகு, கல்வெட்டு இருக்கும் பெருமாள் கோயில், வெள்ளைக்காரன் காலத்துச் சாவடி என்று ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் செலவழித்துத் தேடிப் பிடித்திருந்தாள். பொங்கல் முடிந்ததும் கலெக்டரே வந்து நடந்து திறந்துவைப்பதாகச் சொல்லிவிட்டார். பாதையில் ஒரு பொய்கூடக் கிடையாது என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அதில்தான் ஜெயவேலு மண்ணள்ளிப் போட்டார்.

“பள்ளத் தெருவுக்கு எந்த ராஜா வந்தாருண்ணா?”

“வேட்டைக்கு வந்த ராஜா. குதிரைய கட்டிட்டு அந்தக் கல்லு மேலதான் குந்தினாராம். எங்க தாத்தா சொல்லிக்கீறாரு.”

“ராஜா பேரு?”

“பேரா முக்கியம்? குந்தினாரா இல்லியா, அதைப் பாருங்க!”

கமிட்டியே சிரித்தது. அமலராணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஆட்டோ நுழையாத இடம் இரண்டு. ஒன்று பள்ளத் தெரு, இன்னொன்று ஏரிக்கு அந்தப் பக்கம் குட்டைமேடு. மழை பெய்தால் முழங்கால் சேறு. அங்கே போய்க் கலெக்டரை நடக்கவிடுவதா?

பக்கத்தில் இருந்த கமிட்டி மெம்பர் கோபு அவள் காதைக் கடித்தார். “புரியலையா டீச்சர்? அங்க மனை வாங்கிப் போட்டிருப்பாரு. கலெக்டர் கால் பட்டா விலை எங்கயோ போயிடும்.”

இருக்கும். வயலை எல்லாம் மனை போட்டு விற்ற மனுஷன். ஊரில் அவருக்குப் பெயரே ‘பிளாட்’ ஜெயவேலு. ஆனால் பந்தலும் சாப்பாடும் அவர் பொறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு மேப்பில் ராஜா கல்லை வரைந்தாள்.

மேப் கலெக்டர் ஆபீசுக்குப் போனதுதான் தாமதம், பள்ளத் தெருவுக்கு ஜல்லி வந்தது. ரோடு ரோலர் வந்தது. கம்பத்துக்குக் கம்பம் டியூப் லைட் எரிந்தது. கலெக்டர் நடக்கிற வழியாயிற்றே!

‘மனைக்கு ரோடும் வந்தாச்சு, லைட்டும் வந்தாச்சு’ என்று அமலராணிக்கு வயிறு எரிந்தது.

திறப்பு விழா அன்று காலை, கலெக்டருக்கான பூமாலையை வாங்கிப் போக ஜெயவேலு வீட்டுக்குப் போனாள். கொல்லையில் அவர் மனைவி தாயாரம்மாள் சிமென்ட் தரையில் துணியை அடித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க்கா, துவைக்கிற கல் இல்லையா?”

“அந்தக் கூத்தை ஏன் கேக்குற டீச்சரம்மா! கமிட்டி கூடின மறுநாளே எங்க கல்லை மாட்டு வண்டில ஏத்தி பள்ளத் தெருவுக்கு எத்துனு பூட்டாரு. கேட்டா, அது ராஜா குந்தின கல்லுன்றாரு. பேஜாரு புடிச்ச மனுஷன்!”

அமலராணிக்குத் தலை சுற்றியது. துணி துவைக்கிற கல்லா ராஜா கல்? இருக்கட்டும், இன்றைக்குக் கலெக்டர் முன்னாலேயே போட்டு உடைக்கிறேன் என்று கறுவிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளத் தெரு பளபளவென்று இருந்தது. தார் ரோட்டின் மேலேயே பெண்கள் கோலம் போட்டிருந்தார்கள். கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வேறு.

“இதுல ஜெயவேலு அண்ணன் மனை எது?” என்றாள், இடுப்பில் பேரக் குழந்தையோடு நின்ற அந்தத் தெருப் பூவம்மாளிடம்.

“அவருக்கு இங்க ஏது மனை? எல்லாம் கூலி வேலை செய்யற எங்க வூடுங்கதான். போன மழையில என் மருமவளுக்கு வலி எடுத்துச்சு. ஒரு ஆட்டோகாரனும் உள்ள வரலை. கட்டிலோட தூக்கினு ஓடினோம். அவருதான் சேத்துல வுழுந்து எழுந்து ஒரு பக்கம் புடிச்சுனு வந்தாரு. ரோடு கேட்டு அவரும் மனு குடுக்காத ஆபீஸ் இல்ல. நேத்துதான் ஊசி போட்டு இவனை ஆட்டோவுல வாசல்லயே கொண்டாந்து எறக்கினாங்க!”

பேரன் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். இவரையா அப்படி நினைத்தோம்!

அதற்குள் மேளத்தோடு கலெக்டர் வந்துவிட்டார். “இந்தக் கல்லோட சரித்திரம் என்ன டீச்சர்?”

ஜெயவேலு துண்டால் முகத்தைத் துடைத்தபடி வானத்தைப் பார்த்தார்.

அமலராணி ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள்.

“ரொம்ப விசேஷமான கல்லு சார். இது வந்த பிறகுதான் இந்தத் தெருவுக்கு ரோடே வந்தது.”

ஒரு பொய்யும் இல்லை. கலெக்டர் பக்தியோடு கல்லைத் தொட்டுப் பார்த்தார். “அருமை! ஏரிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு சார். குட்டைமேட்டுல ராணி கல்லு. அடுத்த வருஷம் நீங்க அவசியம் வந்து நடக்கணும்.”

“கண்டிப்பா!”

கலெக்டர் நகர்ந்ததும் ஜெயவேலு ஓடி வந்தார். “குட்டைமேட்டுல இன்னா கல்லு டீச்சர்? நான் ஒண்ணும் போடலியே!”

“மிக்ஸி வாங்கினதிலேர்ந்து எங்க வீட்டு அம்மிக்கல்லு சும்மாதான் கிடக்குண்ணா” என்றாள் அமலராணி. “வண்டி மட்டும் அனுப்புங்க.”