தையல் போட வந்த சிறுத்தை

கால்நடை மருத்துவர் கிளினிக் கதவைத் திறந்தார். ரத்தம் சொட்டும் ஒரு சிறுத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"சீக்கிரம் தையல் போடுங்க டாக்டர். நான் பக்கத்துல இருந்தா கடிக்காது."

அவர் குனிந்து காயத்தைப் பார்த்தார். விலாவில் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. ஒரு காது பாதிதான் மிச்சம்.

"எதும்மா இப்படிக் குதறிச்சு?"

"வீட்டுச் சண்டை."

"அந்த மிருகத்தைச் சும்மா விடக்கூடாது. சுட்டுத் தள்ளணும்."

'வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா' என்பதுபோல் சிறுத்தை அவரைப் பார்த்தது. அவள் அதன் தலையைத் தடவினாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடா செல்லம்."

காயத்தைத் துழாவிய இடுக்கியில் ஏதோ சிக்கியது. இழுத்தார். முறிந்த நகம், கொக்கிபோல் வளைந்திருந்தது. அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷ்.

மெல்ல நிமிர்ந்தார். தலையைத் தடவிய கையில் ஒரு விரலில் மட்டும் நகம் இல்லை. மற்றவற்றில் அதே சிவப்பு.

"எனக்கும் மனசு கேக்கல டாக்டர். ஆனா கட்டின புருஷன் சட்டையில வேற ஒருத்தியோட ரோமம் ஒட்டியிருந்தா, எவ சும்மா இருப்பா?"

சிறுத்தை நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கியது.

"அது கிடக்கட்டும். யாரையோ சுட்டுத் தள்ளணும்னு சொன்னீங்களே?"