கறிச்சோற்றுக்கு மோர்

கூலிப் போராட்டத்தால் திருத்துறைப்பூண்டியில் கடையெல்லாம் அடைப்பு. வெளியூர் யூதர் யார் வந்தாலும் வெள்ளிக்கிழமை விருந்து வைப்பவர் எலியாஸ் என்று கேள்விப்பட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினான் உரக் கம்பெனி உத்திராபதி.

"நானும் யூதன்தாங்க. பேரு யாக்கோபு. காலையிலேருந்து பட்டினி."

"மொதல்ல உக்காருங்க தம்பி!" கதவைத் திறந்த பெரியவர் கறிச்சோறு பரிமாறினார்.

மூன்றாம் முறை சோறு வாங்கியவன், "கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்றான்.

பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கறியோட பால், மோர் எதையும் யூதருங்க சேக்க மாட்டாங்களே?"

உத்திராபதி சோற்றிலிருந்து கையை எடுத்தான். "பசியில பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க எலியாஸ் ஐயா."

"அவரு இஸ்ரேல் போயி ஆறு வருஷமாச்சு. நான் அவரு சமையக்காரன் மருதையன். வெள்ளிக்கிழமையானா யாராச்சும் கதவத் தட்டுறாங்க, பசியோட அனுப்ப முடியுதா?" என்றவர் அடுப்படியில் இருந்த மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"நீலா, மோர் கொண்டா! இவரும் நம்ம ஆளுதான்!"